சிகப்புக்கு ஃபாலோ

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

கவரின் மேல் இருப்பது என் மனைவியின் கையெழுத்து. நான் எழுதியிருந்தால் நீ பிரிக்காமலே உன் விடுதிச் சமையலறை அடுப்பில் போட்டிருப்பாய். ஆகவே இந்த வரியைப் படிக்கிறாய் என்றால் ஏமாந்துவிட்டாய். ஏமாந்தது ஏமாந்தாய், மிச்சத்தையும் படித்துவிடு. போனில் என் எண்ணை முடக்கி வைத்திருக்கிறாய். தபால்காரரை முடக்க உன்னால் முடியாது.

நீ வார்டனாக மாற்றலாகிப் போன அன்று, கேரம் ரூமில் நான் அடித்த ஜோக் உனக்கு வந்து சேர்ந்தது தெரியும். "அக்கா போறா, குடியிருப்போர் சங்கத்துக்கு விடுதலை" என்றேன். சிரிப்பு அடங்குவதற்குள் அது நாலு மாடி ஏறி உன் காதுக்கு வந்துவிட்டது. நம் பிளாக்கில் லிஃப்ட்டைவிட வேகமாக ஏறுவது அது ஒன்றுதான். லிஃப்ட் மெக்கானிக் நானே சொல்கிறேன். மன்னிப்பைக் கடைசியில் கேட்கிறேன், இப்போது ஒரு அவசரம்.

நம் கேரம் ரூமைப் பிடுங்கப் போகிறார்கள். போன திங்கட்கிழமை கதவில் நகராட்சி அறிவிப்பு ஒட்டியிருந்தது. வார்டு முழுக்கப் பழுதான தெருவிளக்குகளைக் கழற்றி அந்த ரூமில் அடுக்கப் போகிறார்களாம். ஏற்பாடு நம் கவுன்சிலர் கூலிங்கிளாஸ். மழையிலும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வருவாரே, அவரேதான். எரியாத விளக்குக்கு வீடு கொடுக்கிற மனுஷன், ஆடுகிற எங்களைத் தெருவில் விடுகிறார்.

எங்கள் சட்டம் உனக்குத் தெரியாது. ரூமுக்குள் யாராவது அரசியல் பேசினால் ஃபைன். போட்ட காயில் ஒன்றை எடுத்துத் திரும்பப் பலகையில் வைக்க வேண்டும், எல்லோருக்கும் டீயும் போட வேண்டும். ஒரு தடவை பல் டாக்டரும் மீட்டரும் (மின்சார மீட்டர் கணக்கெடுக்கிறவர், நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) கட்சிப் பேச்சு பேசி, ஸ்ட்ரைக்கர் ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு போட்ட சட்டம். அன்று சாயங்காலம் நடந்ததைக் கேள்.

"ரூமைப் பூட்டப் போறாங்களாம்யா," என்றார் மீட்டர்.

"இது அரசியல். ஒரு காயை எடுத்து வை," என்றார் டாக்டர்.

"ரூமே போகப் போகுது, காயை எங்க டாக்டர் வைக்கிறது?"

"வச்சிட்டு டீயைப் போடு. சட்டம்னா சட்டம். கவுன்சிலரை நேர்ல போய்ப் பார்த்தா என்ன?"

"இப்ப நீங்களும் வைங்க."

இப்படியே ஆளாளுக்கு வாயைத் திறந்து, அன்று ஒரு ஆட்டம்கூட முடியவில்லை. போட்ட காயெல்லாம் பலகைக்கே திரும்பி வந்துவிட்டது. ஆளுக்கு இத்தனை டீ குடித்து வயிறு கடகடத்தது.

வழி கண்டுபிடித்தது அடியேன். சட்டம் ரூமுக்குள்தான், லிஃப்ட்டுக்கு இல்லை. எட்டுப் பேரை ஏற்றி, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நிறுத்தினேன். பேச்சு சூடாகும்போது வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். மூன்றாம் மாடி கணக்கு டீச்சர்.

"என்ன ஆச்சு உள்ள?"

"சோதனை டீச்சர்."

"சோதனைக்கு எதுக்கு இத்தனை பேரு?"

"எடைச் சோதனை."

அரை மணி நேர எடைச் சோதனைக்குப் பிறகு, மனு கொடுப்பது என்று முடிவு. யாருக்குக் கொடுப்பது, எப்படி எழுதுவது, ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு நகராட்சி அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்றே தெரியாது. என் விரலில் இதுவரை கிரீஸ்தான் பட்டிருக்கிறது, ஓட்டு மை பட்டதில்லை. நீ சங்கச் செயலாளராக இருந்தவள். ஒரு வழி சொல்.

தம்பி

பி.கு: மன்னிப்பு. கடைசியில் கேட்பதாகச் சொன்னேன் இல்லையா, இதுதான் கடைசி.


ஜனவரி 14

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று எழுதி அடித்திருக்கிறேன். கீழே என்ன எழுதியிருந்தது என்று தெரியட்டும் என்றுதான் ஒற்றைக் கோடாக அடித்தேன்.

மனு கொடுப்பதில் பயனில்லை. அந்த மனிதர் மனுவை வாங்கி, கண்ணாடியைக் கழற்றாமலே படித்ததாகத் தலையாட்டி, மேசைக்கடியில் போடுவார். நான் கொடுத்த மனுக்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. வார்டுத் தேர்தல் மார்ச் முதல் வாரம். அவர் ஜெயிப்பது அவருடைய சொந்தக்காரர்கள் ஓட்டுப் போடுவதால் அல்ல, உன்னைப் போன்றவர்கள் போடாததால். உங்களில் ஒருவர் நிற்க வேண்டும். அது ஒன்றுதான் வழி. வேட்புமனு கொடுக்கக் கடைசி நாள் ஜனவரி முப்பது.

நிற்பீர்களா? மாட்டீர்கள்.

பதினொரு வருடம் நான் முற்றத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்தினேன். தண்ணீர் வரி, சாக்கடை, தெருவிளக்கு. ஒவ்வொரு வீட்டுக் கதவுக்கடியிலும் சுற்றறிக்கை போட்டேன். வந்தது இரண்டு பேர், அதில் ஒருவர் நாற்காலி வாடகைக்காரர். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு "நமது உரிமை" என்று ஆரம்பிக்கும்போதெல்லாம், அந்த ரூமிலிருந்து டக் டக்கென்று காய் விழும் சத்தம் கேட்கும். பின்னாலேயே உன் சிரிப்பு. உன் சிரிப்பு எனக்குத் தெரியாதா?

அந்த ரூமைக் காப்பாற்ற இப்போது என்னிடம் வருகிறாய். உனக்கே கூச்சமாக இல்லையா?

இங்கே மாணவிகளுக்குச் சாப்பாட்டு மணி அடிக்கிறார்கள். நிறுத்துகிறேன்.

அக்கா

பி.கு: அவளை முகவரி எழுத வைத்தது மட்டமான வேலை. அவள் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சொல்.


ஜனவரி 23

அன்புள்ள அக்கா,

கூச்சமாகத்தான் இருக்கிறது. அதைவிடப் பெரிய கூச்சம் ஒன்று நேற்று நடந்துவிட்டது. உட்கார்ந்துகொண்டு படி. வார்டுத் தேர்தலில் நிற்கப்போவது நான்.

நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. எப்படி நடந்தது என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். இது வெளியே போனால் நான் ஊரைவிட்டே போக வேண்டும்.

எங்கள் ரூமில் எதையும் காய் போட்டுத்தான் முடிவு செய்வோம். நாங்கள் ஒன்பது பேர். கேரமில் வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது. இந்தப் பொருத்தம் கெடக்கூடாது என்றே பத்தாவது ஆளைச் சேர்ப்பதில்லை. ஆளுக்கு ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வோம். ஒவ்வொருவராக ஜன்னலோரம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு, பழைய ஃபிளாஸ்க்கில் ஒன்றைப் போட வேண்டும். வெள்ளை என்றால் சரி, கறுப்பு என்றால் வேண்டாம். மிச்சமிருப்பது சிகப்பு. அது ஜன்னலில் தனியாக இருக்கும். ஆட்டத்தில் சிகப்பைப் போட்டால் பின்னாலேயே இன்னொரு காயை ஃபாலோவாகப் போட்டாக வேண்டும் இல்லையா? அதுபோல, சிகப்பைப் போடுகிறவன் "செய்யலாம், பொறுப்பு என்னுடையது" என்று சொல்வதாக அர்த்தம். ரூம் ஆரம்பித்த நாளிலிருந்து ஒருத்தரும் சிகப்பைத் தொட்டதில்லை. ஃபேன் ரிப்பேருக்குக்கூட.

இப்போது என் திருட்டு வேலை. பல் டாக்டர் சிகப்பு அடிப்பதில் கில்லாடி. அடித்துவிட்டு, பல்லைப் பிடுங்கினவர் மாதிரி நம் முகத்தையே பார்ப்பார். எனக்கு வயிற்றெரிச்சல். முந்தாநாள் யாரும் பார்க்காதபோது சிகப்பை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். எல்லோரும் பீரோவை நகர்த்தி, பாயை உதறி, ஒரு மணி நேரம் தேடினார்கள். முன்னால் நின்று டார்ச் அடித்தது நான்.

நேற்று உன் கடிதத்தில் சொன்னபடி "நம்மில் ஒருத்தர் நிற்கலாமா" என்று ஓட்டெடுத்தோம். மீட்டர் "சிகப்பு தொலைஞ்சு போச்சு, அது இல்லாமலே போடுங்க" என்றார். நான் வேண்டாம் என்று போடப் போனேன். யார் நாய் மாதிரி அலைவது? பையில் கையை விட்டேன், ஒரு காய் தட்டுப்பட்டது, பார்க்காமலே போட்டேன், வந்து உட்கார்ந்தேன்.

ஃபிளாஸ்க்கைக் கவிழ்த்தார்கள். வெள்ளை நாலு, கறுப்பு நாலு. கடைசியாக உருண்டு வந்தது சிகப்பு.

என் பையில் தொலைந்துபோன சிகப்பு இருந்ததை நானே மறந்துவிட்டேன் அக்கா.

"எவனோ ஒருத்தன் நேத்தே முடிவு பண்ணி, சிகப்பை எடுத்து நெஞ்சோட வச்சிருந்திருக்கான்யா," என்றார் பல் டாக்டர். "அவனவன் மிச்சக் காயைக் காட்டுங்க."

எல்லார் பையிலும் ஒன்று. என் பையில் இரண்டு.

டாக்டர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன். "இல்ல டாக்டர், நான் வந்து..." என்றேன். "ஒண்ணும் சொல்லாத, எங்களுக்குப் புரியுது," என்றார். ஒரு மணி நேரம் டார்ச் அடித்ததைச் சொல்வதா, தேர்தலில் நிற்பதா? இரண்டில் நிற்பது சுலபமாகத் தெரிந்தது.

வீட்டில் சொன்னதும் என் மனைவி, "நீங்களா? குளியலறை பல்பு மாத்த மூணு மாசம் எடுத்துக்கிட்ட ஆளு, தெருவிளக்கு மாத்தப் போறீங்களா?" என்றாள். அதையே சுவரில் எழுதச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன்.

இனி என்ன செய்வது? சொல்லு.

தம்பி


ஜனவரி 31

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் பிரித்தது என் தப்பு. பையில் இரண்டு காய் என்ற இடத்தில் நான் சிரித்தேன். வார்டன் சிரித்து இந்த விடுதியில் யாரும் பார்த்ததில்லை. ஒரு பெண் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வேட்புமனு கொடுத்திருப்பாய் என்று நம்புகிறேன். இனி நான் சொல்வதை அப்படியே செய். நம் வார்டில் நாலு பிளாக். ஒவ்வொரு முற்றத்திலும் ஒரு கூட்டம் போடு. மைக் நல்லதாகப் பார்த்து எடு. தண்ணீரில் ஆரம்பி, சாக்கடைக்குப் போ, தெருவிளக்கில் முடி. ஜோக் கூடாது. சட்டையை இஸ்திரி போட்டுப் போடு. "நான் ஒரு சாதாரண மனிதன்" என்று ஆரம்பிக்காதே, அது பார்த்தாலே தெரியும். பேச்சை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நாலு பக்கம்தான். மனப்பாடம் செய்.

உனக்காகச் செய்யவில்லை. அந்தக் கண்ணாடிக்காரர் தோற்பதைப் பார்க்க எனக்கு ஆசை.

அக்கா


பிப்ரவரி 13

அன்புள்ள அக்கா,

நீ சொன்னபடியே செய்தேன். இஸ்திரி உட்பட. முதல் பிளாக் முற்றத்துக்கு வந்தது எட்டுப் பேர், எட்டும் எங்கள் ரூம் ஆட்கள். உன் பேச்சின் இரண்டாம் பக்கத்தில் டாக்டர் கொட்டாவி விட்டார். மூன்றாம் பக்கத்தில் காற்று நான்காம் பக்கத்தைக் கொண்டுபோய்விட்டது. சாக்கடையோடு நின்றுவிட்டேன். தெருவிளக்கு வரவேயில்லை. இருட்டில் மைக் செட்காரர், "இன்னும் பேசுவீங்களா, எனக்கு வேற நிகழ்ச்சி இருக்கு," என்றார்.

மனசு விட்டுப் போய் எல்லோரும் படிக்கட்டில் உட்கார்ந்தோம். மீட்டர், "பேசினது போதும், ஒரு ஆட்டம் போடலாம், கை அரிக்குது," என்றார். எங்கள் பலகையைத் தூக்கிவந்து, அந்த பிளாக்கின் முதல் மாடி நடையில், விளக்குக்குக் கீழே வைத்தோம். நாலு காய் விழவில்லை, அதற்குள் கதவுகள் திறந்தன. முதலில் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் வாசலில் நின்றார்கள். அப்புறம் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "டாக்டர், அந்தக் கறுப்ப விடாதீங்க" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் என்றால் யாரும் வரவில்லை அக்கா, பல் டாக்டர் தோற்பதைப் பார்க்க மாடி மாடியாக வந்தார்கள். பாதிப் பேர் அவரிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்கள்.

அன்றிலிருந்து தினமும் ஒரு மாடி. பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு நானும் மீட்டரும் ஏறுகிறோம். நம் கணக்கு டீச்சர் ஒரு நாள் சும்மா பார்க்க வந்தார். "ஒரு தடவை அடிச்சுப் பாக்கட்டுமா?" என்றார். அடித்தார். டாக்டரை அடித்துத் துவைத்துவிட்டார். இப்போது அவர் எங்களோடு சுற்றுகிறார், டீச்சர் ஆடுகிற மாடியில் நிற்க இடம் கிடைப்பதில்லை. ரூமில் நாங்கள் எந்தப் பெண்ணையும் ஆடக் கூப்பிட்டதே இல்லை என்று என் மனைவி எல்லோர் முன்னாலும் சொல்லிக் காட்டினாள். அவளும் ஆடுகிறாள். காயை அடிக்கும் முன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடிக்கிறாள், கண்டிப்பாக விழுகிறது.

அரசியல் நான் பேசவேயில்லை. அவர்களே பேசுகிறார்கள். தன் முறைக்குக் காத்திருக்கும்போது வாய் சும்மா இருக்குமா? மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறாதது, பின் தெருவில் விளக்கெரியாதது, எல்லாம் பலகைக்கு மேலேயே வருகிறது. போன வாரம் ஒருத்தர் காயைப் பார்த்துக்கொண்டே, "இத்தனை பேரு சேர்ந்து போய்க் கேட்டா தண்ணி விடாம என்ன செய்வாங்க?" என்றார். பக்கத்தில் இருந்தவர், "அதுக்குத்தான் இவரு நிக்கிறாராமே," என்று என்னைக் காட்டினார். "யாரு, இந்த ஆளா? இப்பதான் சுலபமான காயை விட்டாரு," என்றார் அவர். எனக்கு இதுவரை கிடைத்த ஆதரவில் இதுதான் பெரியது.

கூலிங்கிளாஸ் முதலில் சிரித்தார். பிறகு இரண்டு பெரிய ஸ்பீக்கர் வைத்துக் கூட்டம் போட்டார். அவர் பேசப் பேச எங்கள் மாடி நடையில் கைதட்டல் கேட்டிருக்கிறது. அது டீச்சருக்கு. மறுநாள் அவரே வந்துவிட்டார். "நானும் ஒரு ஆட்டம் ஆடுறேன்யா," என்றார். மறுக்க முடியுமா? கறுப்புக் கண்ணாடியில் கறுப்புக் காய் தெரியவில்லை. கழற்றினார். அவர் கண்ணை அன்றுதான் வார்டே பார்த்தது. சின்னக் கண், சிரிக்கிற கண். என் மனைவியிடம் தோற்றுவிட்டு இரண்டாவது டீ கேட்டார். எதிரியை இப்படி அருகில் பார்க்கக்கூடாது அக்கா, வெறுப்பு தங்க மாட்டேன் என்கிறது.

இன்னொன்று. எந்த மாடிக்குப் போனாலும், "உங்க அக்கா எப்படி இருக்காங்க? தண்ணி வரி பத்தி அவங்க போட்ட நோட்டீசு இன்னும் எங்க வீட்டுல இருக்கு," என்கிறார்கள். ஒருத்தர் உள்ளே போய் எடுத்துவந்தே காட்டினார். அவர்கள் கேள்வி கேட்கிற விதத்தில் உன் வாக்கியங்கள் இருக்கின்றன. அவர்கள் உன்னைப் படித்திருக்கிறார்கள். கூட்டத்துக்குத்தான் வரவில்லை.

தம்பி


பிப்ரவரி 21

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதினேன், கிழித்துவிட்டேன். அதில் நிறையப் புத்திமதி இருந்தது. இது இரண்டாவது. இதிலும் ஆரம்பித்தால் நீயே கிழித்துவிடு.

சுற்றறிக்கையை வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நாலு தடவை படித்தேன். உனக்குத் தெரியவேண்டாம் என்றுதான் நினைத்தேன், எழுதிவிட்டேன்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு வரி இருக்கிறது. ரூமில் எந்தப் பெண்ணையும் ஆடக் கூப்பிட்டதே இல்லை என்று. நீ அதை ஜோக்காக எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டாய்.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கி வைத்துவிட்டு, எத்தனையோ சாயங்காலம் அந்த ரூம் வாசலைத் தாண்டி லிஃப்ட்டுக்குப் போயிருக்கிறேன். கதவு திறந்துதான் இருக்கும். நான் வேகத்தைக் குறைத்துத்தான் நடப்பேன். யாராவது ஒருத்தர் "வாங்களேன், ஒரு ஆட்டம்" என்று சொன்னால் உட்கார்ந்திருப்பேன். என்னைப் பார்த்ததும் எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, "வணக்கம் மேடம்" என்பீர்கள். நீயும்தான். உன் அக்காவை மேடம் என்றாய். நான் லிஃப்ட் பட்டனை அழுத்துவேன்.

என் கோபம் அந்த ஜோக்குக்காக என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஜோக் நன்றாகத்தான் இருந்தது. அதற்கு நீங்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தீர்கள் பார், அந்தச் சிரிப்புக்கு உள்ளே நான் ஒரு நாளும் இருந்ததில்லை. அதுதான்.

நான் உங்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டேன், நீங்கள் வரவில்லை. நீங்கள் என்னைக் கூப்பிடவே இல்லை. யார் பெரிய தப்பு செய்தது என்று கணக்கு டீச்சரைக் கேட்டுச் சொல்.

தேர்தல் அன்று காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போ.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்கா,

டீச்சரைக் கேட்டேன். கடிதத்தைக் காட்டவில்லை, விஷயத்தை மட்டும் சொன்னேன். "இதுல கணக்கே இல்லையே. நீங்கதான்," என்றார். டாக்டரிடம் சொன்னேன். அவர் கேரம் பவுடர் டப்பாவைத் திறந்து திறந்து மூடினார். "எங்களுக்கு அவங்கள கண்டா பயம்யா. பத்தாவது ஆளுன்னு சாக்குச் சொன்னோம்," என்றார். எனக்கும் அதேதான் அக்கா. உன்னைக் கூப்பிட்டால் நீ ரூமைப் பெருக்கச் சொல்வாய் என்று பயம். பெருக்கவும் வேண்டியதாகத்தான் இருந்தது. அந்தப் பி.கு மன்னிப்பை எடுத்துக்கொள்ளாதே. இது வேறு. இதை நடுவில் வைத்துக் கேட்கிறேன். மன்னித்துவிடு.

இனி சந்தோஷ சமாச்சாரம். ஜெயித்துவிட்டோம்.

வாக்குப்பதிவு அன்று காலை நம் பிளாக்கில் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். இதற்கு முன் அப்படி ஒரு நாள் நடந்ததே இல்லை. லிஃப்ட் தாங்குமா? மோட்டார் சூடேறி நின்றுவிட்டது. வேட்பாளரான நான் புதுச் சட்டையோடு மொட்டைமாடி மோட்டார் அறையில் குப்புறக் கிடந்தேன். கீழே மேல்மாடி முட்டிவலி அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து டாக்டரும் மீட்டரும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மாடிக்கு மாடி கட்சிச் சண்டை. இரண்டாம் மாடியில் அந்த அம்மா, "என்னைக் கீழ வச்சிட்டு அடிச்சுக்குங்கடா, நான் ஓட்டுப் போடணும்," என்றாராம். நான் ஓட்டுப் போடப் போனபோது அதிகாரி என் கையைப் பார்த்துவிட்டு, "துடைச்சிட்டு வாங்க சார், கிரீஸ் மேல மை ஒட்டாது," என்றார். துடைத்துவிட்டுப் போட்டேன். என் முதல் ஓட்டு எனக்கே.

முடிவைப் பார்த்துவந்தது மீட்டர். எண்களை வாசித்தே பழகிய மனுஷன் அல்லவா, முகத்தில் ஒன்றும் காட்டாமல், "இந்த மாசம் வழக்கத்தைவிட அதிகமா ஓடியிருக்கு," என்றார். என் மனைவி விசில் அடித்தாள். அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பது கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து எனக்குத் தெரிந்த விஷயம். கூலிங்கிளாஸ் வந்து கை கொடுத்தார். வித்தியாசம் ரொம்ப இல்லை, ஆனால் போதும்.

ரூமை என்ன செய்வது என்று இருபதாம் தேதி வார்டுக் கூட்டத்தில் முடிவாக வேண்டும். கூட்டம் அந்த ரூமிலேயேதான். முதல் தடவையாக நான் நடத்தப்போகிற கூட்டம். அக்கா, நீ வா. மேடமாக வராதே. கூட்டம் முடிந்ததும் ஒரு ஆட்டம். இது நான் மட்டும் கூப்பிடுவது இல்லை. கீழே எல்லோருடைய கையெழுத்தும் இருக்கிறது. டாக்டருடையதை யாராலும் படிக்க முடியாது, ஆனால் அவரும் போட்டிருக்கிறார்.

தம்பி


மார்ச் 25

அன்புள்ள தம்பி,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ஸ்டேஷனில் நம் இருவருக்கும் பேச நேரமில்லாமல் போய்விட்டது. கூட்டத்தில் நீ முன்னால் நின்றாய், நான் கடைசி வரிசையில் இருந்தேன். உனக்கு எதிரே நடந்தது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாமல் நடந்ததை நான் சொல்கிறேன்.

விளக்குகளை ரூமில் அடுக்கக்கூடாது என்று எல்லோரும் கை தூக்கியதும் உன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தாய். அப்போதுதான் இரண்டாம் மாடிப் பெண் இடுப்பில் குழந்தையோடு எழுந்தாள். "அண்ணே, ரூம் காலையில சும்மாதானே பூட்டிக் கிடக்கு? நாங்க பிள்ளைங்கள அங்க விட்டா மழைக்கும் வெயிலுக்கும் ஆகும். மதியம் வரைக்கும் எங்களுக்குக் கொடுங்க," என்றாள். உன் முகம் கேரம் பவுடர் மாதிரி வெளுத்துவிட்டது. உனக்கு ஓட்டுப் போட்டவள் அவள். நீ எந்த ரூமுக்காக நின்றாயோ அதில் பாதியைக் கேட்கிறாள்.

நீ என்ன செய்யப் போகிறாய் என்று கடைசி வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தேன். "நியாயமாத்தான் தெரியுது. எல்லாரும் கை தூக்கிச் சொல்லுங்க," என்றாய். நான் எழுதிக்கொடுத்த நாலு பக்கத்தில் அவ்வளவு நல்ல வரி ஒன்றுகூட இல்லை.

எனக்கு முன் வரிசையில் மீட்டர் டாக்டரின் காதைக் கடித்தார். "பாத்தீங்களா? நாம ஜெயிக்க வச்ச ஆளு, நம்ம ரூமையே பங்கு போடுறான்."

"அவன் எங்க பங்கு போட்டான்? கைதானே தூக்கச் சொல்றான்."

"நீங்க தூக்குவீங்களா?"

"காலையில நான் பல்லு புடுங்கிக்கிட்டிருப்பேன். எனக்கென்ன?" டாக்டர் கையைத் தூக்கினார்.

மீட்டர் சுற்றும்முற்றும் பார்த்தார். பிறகு தலை சொறிவது போலக் கையை உயர்த்தினார். நீ எண்ணிக்கொண்டு வரும்போது பார்த்துவிட்டாய் என்று தெரிந்ததும் நேராக்கினார். நான் இப்போது அந்த வார்டில் இல்லை, எனக்கு ஓட்டு கிடையாது. தானாக எழுந்துவிடுமோ என்று இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கூட்டம் முடிந்து நீ நகராட்சி ஆட்களோடு வெளியே போய்விட்டாய். நான் வழக்கம்போல லிஃப்ட் பக்கம் திரும்பினேன். "எங்க கிளம்பிட்டீங்க? இடம் போட்டு வச்சிருக்கோம், உக்காருங்க," என்றார் டாக்டர். மேடம் என்று வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டார். உட்கார்ந்தேன். நான் அடித்த முதல் அடியில் ஸ்ட்ரைக்கர் பலகையைத் தாண்டி அவருடைய டீயில் விழுந்தது. ரூமே சிரித்தது. நானும் சிரித்தேன், எல்லாரையும்விடச் சத்தமாக. டீச்சர் என் விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். நீ திரும்பி வந்தபோது நான் கையைக் கழுவிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அந்த டீயும் கேரம் பவுடரும்தான்.

இன்னொரு இரகசியம். அடுத்த கூட்டத்தில் தண்ணீர் விஷயமாக உன்னை மடக்கப் போகிறார்கள். மீட்டர் கேள்வி தயார் செய்கிறார். டாக்டர் அதைத் திருத்திக்கொடுக்கிறார். பாதிக்கு மேல் நான் திருத்திக்கொடுத்தேன். நீ யாரிடமும் காட்டிக்கொள்ளாதே. பதில் மட்டும் ஒழுங்காகத் தயார் செய்துகொள்.

வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் என்ன என்று மேலாளர் கேட்டார். "சொந்த வேலை" என்றேன். இத்தனை வருடத்தில் நான் எடுத்த எல்லா விடுப்பும் பொது வேலைக்காக. இந்த இரண்டு வார்த்தையை எழுத அவ்வளவு நன்றாக இருந்தது.

நானும் டாக்டரும் ஒரு ஜோடி. எங்களுக்கு எதிரே நீயும் உன் மனைவியும். தோற்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. இப்போது நீ பொது மனிதன், நாலு பிளாக்கும் பார்த்துக்கொண்டிருக்கும்.

அக்கா